வீட்டில் ஒருவர் மறைந்தால்: மும்பையில் கவனிக்க வேண்டிய காகிதங்கள்

மரணத்தைப் பற்றி வீட்டில் பேசுவதே அபசகுனம் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். தலைப்பைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்ட நினைக்கும் அன்பர்கள் தயவுசெய்து சற்றுப் பொறுக்க வேண்டும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் துக்கம் நடந்த வீட்டாருக்குத் துணையாக வார்டு ஆபீஸ், வங்கி, கோர்ட் என்று பல ஆண்டுகள் அலைந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பதினாறாம் நாள் காரியம்வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். எந்தக் காகிதத்தை எங்கே வாங்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஊரிலென்றால் கிராம நிர்வாக அலுவலர் யார் வீட்டில் என்ன நடந்தது என்பதை நாம் சொல்லாமலே அறிந்திருப்பார். இங்கே நம்மை யாருக்கும் தெரியாது. படிவமும் மராத்தியில் இருக்கும்.

உயிர் பிரிந்தது வீட்டில் என்றால் முதலில் வர வேண்டியவர் டாக்டர். மரணத்தின் காரணத்தைக் குறிப்பிடும் மருத்துவச் சான்று, ஆஸ்பத்திரியில் இறந்தவர்களுக்கு 4-ஆம் எண் படிவத்திலும் வீட்டில் இறந்தவர்களுக்கு 4-ஏ படிவத்திலும் தரப்படுகிறது. அது இல்லாமல் மயானத்தில் காரியம் நடக்காது. கடைசியாக வைத்தியம் பார்த்தவர்தான் அதைத் தர வேண்டும். கட்டணம் வாங்காமல் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. முன்பின் பார்த்திராத டாக்டர் கையெழுத்துப் போடத் தயங்குவார். அவருடைய தயக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். எனவே படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் உள்ள வீட்டில் மருந்துச் சீட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் ஒரே ஃபைலில் போட்டு, மாதம் ஒரு முறையாவது அந்த டாக்டர் நோயாளியைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சு நின்றதும் டாக்சி பிடித்து சயான் ஆஸ்பத்திரிக்கோ காட்கோபர் ராஜாவாடிக்கோ ஓடுகிறோம். உயிர் இருக்கிறதோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் ஓடத்தான் வேண்டும். ஆனால் கொண்டுவரும்போதே இறந்திருந்தார் என்று அங்கே எழுதிவிட்டால் போலீசுக்குத் தகவல் போகும்; பஞ்சநாமா நடக்கும்; தேவைப்பட்டால் போஸ்ட்மார்ட்டமும் உண்டு. இதில் பயப்பட ஒன்றுமில்லை, அரை நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். விபத்து, தற்கொலை, தீக்காயம் போன்ற மரணங்களில் போலீஸ் விசாரணை எப்படியும் உண்டு. முன்பு இதற்கென்று மும்பையில் கொரோனர் என்ற பிரிட்டிஷ் காலத்துப் பதவி இருந்தது. 1999-இல் அதை ஒழித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட மரணமென்றால் பஞ்சநாமா, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இரண்டின் பிரதிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

லோக்கல் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தவர் செல்லுபடியாகும் டிக்கெட்டோ சீசன் பாஸோ வைத்திருந்தால், ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் குடும்பத்தார் இழப்பீடு கேட்கலாம். 2017 முதல் அந்தத் தொகை 8 லட்சம் ரூபாய். ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவருக்கு இது பொருந்தாது. இறந்தவரின் சட்டைப்பையிலிருந்த பாஸ், பஞ்சநாமாவில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று அன்றே பாருங்கள். உடுப்போடு அதையும் சுருட்டி எறிந்துவிட்டு, பிறகு தேடிய குடும்பங்கள் உண்டு.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். அது பெயர்.

மயானத்தில் மேஜைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா இருப்பார். இறந்தவரின் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, விலாசம் எல்லாம் கேட்டு எழுதுவார். வீட்டு மனிதர்கள் உடலருகே நிற்பார்கள். மேஜைக்கு அனுப்பப்படுவது பக்கத்து வீட்டுப் பையனோ வேலையிடத்து நண்பரோதான். அவருக்குத் தெரிந்தது கூப்பிடும் பெயர் மட்டும். குமாஸ்தா "ஆட்நாவ் என்ன?" என்று கேட்பார். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே! அந்த நிமிடத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவார்கள். சிலர் தகப்பனார் பெயரைச் சொல்வார்கள், சிலர் சாதிப் பெயரைச் சொல்வார்கள், இன்னும் சிலர் ஊர்ப் பெயரையே சொல்லிவிடுவார்கள்.

சுடலைமுத்து மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் அவர் எஸ். முருகன். மும்பைக்கு வந்து ரேஷன் கார்டு எடுத்தபோது முருகன் சுடலைமுத்து நாடார். ஆதாரில் சுடலைமுத்து முருகன். கம்பெனி பி.எஃப். கணக்கில் முருகேசன். நால்வரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும்; ஆபீஸுக்குத் தெரியாது. மயானத்தில் ஐந்தாவதாக ஒரு பெயர் எழுதப்பட்டால், அந்த அம்மாள் வாங்கப்போகும் மரணச் சான்றிதழ் யாருடைய மரணத்தையும் நிரூபிக்காத காகிதமாகிவிடும். தாராவியில் தோல் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்துக்காக நான் கூடப்போன விவகாரத்தில், இரண்டு எழுத்து வித்தியாசத்தால் பி.எஃப். பணம் கைக்கு வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் மூத்த பையன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

ஆகவே யாரை வேண்டுமானாலும் மயானத்துக்கு அனுப்புங்கள். அவர் கையில் இறந்தவரின் ஆதார் கார்டு இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு, பி.எஃப்., பாலிசி, வீட்டுக் காகிதம் ஆகியவற்றில் எந்தப் பெயர் அதிகமாக இருக்கிறதோ, அதை ஒரு தாளில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். ரசீது வாங்கியதும் அங்கேயே நின்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அந்த இடத்தில் திருத்துவது ஐந்து நிமிட வேலை. பதிவான பிறகும் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி திருத்தலாம். அதற்கு மனு, ஆதாரங்கள், அபிடவிட் என்று நடையாய் நடக்க வேண்டும். உயிரோடிருப்பவர் கெஸட்டில் பெயரை மாற்றிக்கொள்ளலாம். இறந்தவருக்கு அந்த வழியும் இல்லை. இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் காகிதங்களை எடுத்துப் பார்த்து, நாம் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

அடுத்தது எந்த இடத்தில் பதிவு என்ற கேள்வி. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரணம் எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு. குடியிருந்த இடம் கணக்கில் வராது. தாராவி ஜி-நார்த் வார்டில் இருக்கிறது. சயான் ஆஸ்பத்திரியும் மாட்டுங்காவும் எஃப்-நார்த், செம்பூர் எம்-வெஸ்ட். தாராவிக்காரர் சயான் ஆஸ்பத்திரியில் காலமானால் சொந்த வார்டு ஆபீஸில் போய்த் தேடிப் பயனில்லை. மயான ரசீது வாங்கும்போதே, சான்றிதழ் எந்த வார்டில் கிடைக்கும் என்று கேட்டு ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. உடலை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் பல விரும்புகின்றன. விமானத்தில் அனுப்ப டாக்டர் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, போலீஸின் ஆட்சேபணையில்லாக் கடிதம், மூடிய பெட்டி ஆகியவை வேண்டும். செலவும் கணிசம். கடன் வாங்கித்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் என் யோசனை வேறு: இங்கேயே தகனம் செய்துவிட்டு, அஸ்தியை ராமேஸ்வரத்துக்கோ தாமிரபரணிக்கோ கொண்டுபோகலாம். சயானிலும் செம்பூர் சராயிலும் மாநகராட்சி மயானங்கள் இருக்கின்றன. எப்படியானாலும், இங்கே இறந்து ஊரில் அடக்கமானவரின் மரணமும் மும்பையில்தான் பதிவாக வேண்டும். மும்பையில் யாரும் பதிவைக் கவனிக்காமல் ஊருக்குப் போய்விடுவார்கள். அங்கே ஊர்க்காரர்கள் நல்ல எண்ணத்தில் ஒரு பதிவைப் போட்டுவிடுவார்கள். பிறகு எது சரி என்று இரண்டு மாநிலத்துக்கும் அலைய வேண்டியதுதான். மாறாக, திருவிழாவுக்குப் போன இடத்தில் ஊரிலேயே இறந்தவருக்கு அங்குள்ள கிராம நிர்வாக அலுவலரிடம்தான் பதிவு. மும்பைக்கு ரயில் ஏறுமுன் அதை முடித்துக்கொண்டு வாருங்கள்.

பதிவுக்குக் கெடு 21 நாள். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடும், ஓராண்டு வரை அதிகாரியின் அனுமதியோடும் பதியலாம். ஓராண்டு கடந்துவிட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். ஆஸ்பத்திரியில் நேர்ந்த மரணத்துக்கு ஆஸ்பத்திரியே தகவல் அனுப்பும். அனுப்பினார்களா, என்ன பெயரில் அனுப்பினார்கள் என்று கேட்பது நம் வேலை. 2023 அக்டோபரிலிருந்து அமலில் உள்ள திருத்தத்தின்படி, பதிவான ஏழு நாளுக்குள் தகவல் கொடுத்தவருக்குச் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பத்துப் பிரதியாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயும் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் வங்கி. இறந்தவரின் ஏ.டி.எம். கார்டை எடுத்துக்கொண்டு போய்ப் பணம் எடுப்பது பரவலாக நடக்கிறது. பெண்சாதி பிள்ளைகள்தானே என்று தோன்றலாம். நாளை அண்ணன் தம்பிக்குள் பிரச்சனை வந்தால், எடுத்தவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற வகைக் கூட்டுக் கணக்கில் உயிரோடிருப்பவர் சான்றிதழைக் காட்டிவிட்டுக் கணக்கைத் தொடரலாம். நாமினி இருந்தால், காகிதங்கள் சேர்ந்த 15 நாளுக்குள் வங்கி பணத்தைக் கொடுத்தாக வேண்டும். கோர்ட் சான்று கேட்கக் கூடாது. நாமினியே இல்லாத சிறு கணக்குகளுக்கும் 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது: 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியானால் 5 லட்சம் வரை, வாரிசுகளின் உறுதிமொழிப் பத்திரங்களை வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம் என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி.

பாஸ்புக்கை அவசியம் புரட்டிப் பாருங்கள். மே மாதக் கடைசியிலோ ஜூனிலோ 436 ரூபாய் பிடித்திருந்தால் அவர் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்திருக்கிறார் என்று பொருள். குடும்பத்துக்கு 2 லட்சம் வர வேண்டும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. வங்கிக் கவுன்டரில் ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்.

வேலையில் இருக்கும்போதே இறந்தவர்களின் குடும்பத்தார் பி.எஃப். தொகையை வாங்கியதும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அதோடு சேர்ந்த இன்ஷூரன்ஸ் ஒன்று உண்டு. அதிகபட்சம் 7 லட்சம் வரை வரும். மனைவிக்கு மாதாந்தர ஓய்வூதியமும், 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்குத் தனித் தொகையும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே கூட்டுப் படிவம்தான். கிராஜுவிட்டிக்கு ஐந்தாண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மரணத்தில் கிடையாது. ஈ.எஸ்.ஐ. தொழிலாளி என்றால் ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை தருகிறார்கள்.

இனி வாரிசு விவகாரம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் "தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்கிவிடு, முடிந்தது" என்பார்கள். தமிழ்நாட்டில் அது சரி. மும்பையில் அப்படி ஒரு தாசில்தார் சான்றை வைத்து வேலை நடத்த முடியாது. இங்கே அது கோர்ட் காரியம். வங்கி டெபாசிட், ஷேர் போன்றவற்றுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி சக்ஸெஷன் சர்டிபிகேட்; பொதுவாக வாரிசு என்று நிரூபிக்க, கம்பெனி ஆட்சிக் காலத்து 1827-ஆம் ஆண்டின் பம்பாய் ரெகுலேஷன் எட்டின் கீழ் ஹேர்ஷிப் சர்டிபிகேட். இருநூறு வயதை நெருங்கும் அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது! மாதக்கணக்கில் ஆகும், வக்கீல் செலவும் உண்டு. நாமினி போடுவதால் முழுத் தலைவலியும் தீராவிட்டாலும் பாதி தீரும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

ஏன் பாதி? நாமினி என்பவர் பணத்தை வாங்கும் அதிகாரம் பெற்றவர். அவரே சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. 1983-இல் சர்பதி தேவி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைச் சொன்னது; ஷேர்களைப் பற்றி 2023 டிசம்பரில் மறுபடியும் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 முதல் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். மற்றவற்றில், உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணுக்கு மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவருடைய தாயாரும் சம பங்குக்கு உரியவர். ஊரில் தனியாக இருக்கும் அந்தக் கிழவியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவரை விட்டுவிட்டு எழுதிய வாரிசுப் பட்டியல் பிற்பாடு கோர்ட்டில் நிற்காது. சட்டத்தை விடுங்கள், மகனை இழந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துக்கு மட்டும் ஆளனுப்புவது சரியில்லை.

வீட்டைப் பொறுத்தவரை மூன்று பேட்டைக்கும் மூன்று வழி. செம்பூரில் பெரும்பாலும் ஹவுசிங் சொசைட்டி. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் 2019-இல் வந்த மாற்றத்தின்படி, நாமினியைத் தற்காலிக உறுப்பினராகத்தான் சொசைட்டி ஏற்கும். வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து யார் பெயருக்கு என்று பதிவு செய்த பத்திரம் கொடுத்தாலோ, கோர்ட் சான்று வந்தாலோதான் முழு உறுப்பினர்.

மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பகடி வாடகை அதிகம். வாடகைதாரர் இறந்தபோது அவரோடு கூடவே குடியிருந்த குடும்பத்தினருக்கு, 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடியிருப்பு உரிமை தொடர்கிறது. 'கூடவே குடியிருந்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனைவிட, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட மகளுக்கு அங்கே வலுவான வழக்கு. மரணத்தை வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ரசீதைப் பெயர் மாற்றக் கேளுங்கள். வாடகை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி, திரும்பி வந்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

தாராவியில்தான் அவசரம் அதிகம். 1976 குடிசைக் கணக்கெடுப்பை ஒட்டித் தரப்பட்ட போட்டோ பாஸ், பழைய மின்சார பில், வாக்காளர் பட்டியல் எல்லாம் இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே இருக்கும். இருபது வருஷமாக யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். மறுசீரமைப்புக்கான வீடுவாரிக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியபோது, பல வீடுகளில் அப்பாவின் மரணச் சான்றிதழைத் தேட ஆரம்பித்தார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்ததற்கு ஆதாரம் அந்தப் பழைய காகிதங்கள்தான். ஆகவே அவற்றைக் கிழித்துப் போடவோ, பெயர் மாற்றித் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டிடம் அசலைக் கொடுக்கவோ கூடாது. அப்பாவின் மரணச் சான்று, அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவைக் காட்டும் பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்து வையுங்கள். பழைய மரணம் பதிவாகியிருக்கிறதா என்று தெரியாவிட்டால், தோராயமான தேதியும் மயானத்தின் பெயரும் சொல்லி வார்டு ஆபீஸில் தேடச் சொல்லலாம். பதிவே இல்லையென்றால் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு மாஜிஸ்திரேட் உத்தரவுக்குப் போக வேண்டும்.

மீதியெல்லாம் சில்லறை வேலை. ரேஷன் ஆபீஸில் பெயர் நீக்கம், வாக்காளர் பட்டியலுக்கு 7-ஆம் எண் படிவம், தாராவி மாட்டுங்காவானால் பெஸ்டிலும் செம்பூரானால் அதானி அல்லது டாடாவிலும் மின் இணைப்புப் பெயர் மாற்றம். ஆதார் நிறுவனத்துக்கு மரணத்தைத் தெரிவிக்க 2025 ஜூன் முதல் இணையத்தில் வசதி இருக்கிறது. பான் கார்டை மட்டும் அவசரப்பட்டு ஒப்படைக்காதீர்கள். வரி கட்டியவராக இருந்தால் அந்த ஆண்டுக் கணக்கை வாரிசு தாக்கல் செய்ய அது வேண்டும். அதே போல அவருடைய செல்போன் எண்ணை ஓராண்டாவது ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். எந்தெந்தக் கணக்குகள் இருந்தன என்பது, அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகளிலிருந்துதான் பல வீடுகளில் தெரியவருகிறது.